எட்டு கிரவுண்டு மண்

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு பூங்கா இருக்கிறது. வேளச்சேரிப் பக்கம், ஏரியிலிருந்து நடந்து போகிற தூரம். பெரிதாக நினைத்துவிட வேண்டாம், மொத்தமே 8 கிரவுண்டு, அரை ஏக்கருக்கும் குறைவுதான். இரண்டு புங்க மரம், ஒரு வேம்பு, ஒரு நாவல், ஒரு சறுக்குமரம், நான்கு சிமெண்ட் பெஞ்சு.

இந்த மாதிரி இடங்களைச் சென்னையில் ‘ஓ.எஸ்.ஆர். நிலம்’ என்பார்கள், அதாவது திறந்தவெளி ஒதுக்கீட்டு நிலம். 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனைப்பிரிவு போட்டால், சாலைகளுக்கு விட்டதுபோக மீதியில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். நகரம் புறநகருக்குப் பரவியபோது நமக்குக் கிடைத்த சின்னப் பூங்காக்களில் நிறைய இப்படி வந்தவைதான்.

அப்பா போனபிறகு அம்மாவை ஊரிலிருந்து இங்கே கூட்டி வந்தோம். மூன்றாவது மாடி வீடு. ஊரில் திண்ணையும் கொல்லைப்புறமும் இருந்த வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு அடுக்குமாடி முதலில் ஒரு பெட்டி மாதிரிதான் இருக்கும். மே மாதம் மாடிச் சுவர் பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரி 2 மணி வரை வீட்டுக்குள் விட்டுக்கொண்டே இருக்கும். அம்மாவுக்குத் தூக்கம் வராது. சாயங்காலம் நாலரை ஆனால் செருப்பை மாட்டிக்கொண்டு பூங்காவுக்குக் கிளம்பிவிடுவார். “ஃபேன் காத்து அனலா வருதுப்பா. அங்க மரக்காத்து வருது” என்பார். மரக்காத்து என்ற சொல்லை அம்மாவிடம்தான் கேட்டேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பூங்காவை அழகுபடுத்தும் வேலை நடந்தது. வேலை எடுத்தவர்கள் நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள் என்று நம்புகிறேன். மண்ணில் கால் படாமல் நடக்க வழி நெடுக பேவர் பிளாக் பதித்தார்கள். மரங்களைச் சுற்றி வட்டமாகத் திண்ணை கட்டி கிரானைட் ஒட்டினார்கள். அடிமரம் வரைக்கும் சிமெண்ட் போட்டுப் பூசினார்கள். நாவல் பழம் விழுந்து தரை கறையாகிறது என்று சிலர் சொல்லியிருந்ததால் அந்த மூலை முழுக்கக் காங்கிரீட். வேலை முடிந்து வர்ணம் அடித்த அன்று பார்க்கப் பளிச்சென்று இருந்தது. சேறு இல்லை. குழந்தைகளைக் கூட்டிவரும் பெற்றோர் சந்தோஷப்பட்டார்கள். நானும்தான்.

அடுத்த மே மாதம் அம்மா பூங்காவுக்குப் போவதை நிறுத்திவிட்டார். கேட்டதற்கு முழங்கால் வலி என்றார். பிறகு ஒருநாள்தான், “அங்கயும் இங்க மாதிரியேதான்பா இருக்கு. கீழேருந்து சூடு அடிக்குது” என்றார்.

அன்று சாயங்காலம் நான் போய்ப் பார்த்தேன். 5 மணி. பேவர் பிளாக்கில் உள்ளங்கையை வைத்தால் பத்து விநாடி தாங்கவில்லை. வேம்படியில், வேலையில் விட்டுப்போன ஒரு துண்டு மண் இருந்தது. அதில் கை வைத்தால் குளுமை. ஒரே பூங்கா, ஒரே வெயில், இரண்டுக்கும் நடுவே நான்கடி தூரம். அப்புறம் மரங்களைக் கவனித்தேன். புங்கம் மாசியில் இலை உதிர்த்து, பங்குனி சித்திரையில் எண்ணெய் தடவியதுபோல மினுங்கும் பச்சையில் தளிர்க்கும். பூ உதிர்ந்தால் தரையில் பொரி கொட்டினாற்போல இருக்கும். சங்கப் புலவர்களே அந்தப் பூவைப் பொரிக்குத்தான் ஒப்பிட்டார்கள். அந்த வருஷம் தளிரும் சிறுத்திருந்தது, பூவும் பேருக்குத்தான்.

பூங்காவைப் பெருக்கித் தண்ணீர் ஊற்றும் அக்கா ஒருவர் இருக்கிறார். கிராமத்தில் நிலம் பார்த்தவர். அவரிடம் கேட்டேன். “வேர் மூச்சு விட வேணாமா தம்பி? கழுத்துவரைக்கும் சிமெண்ட்ட போட்டுட்டு மேல தண்ணி ஊத்தச் சொல்றாங்க. தண்ணி எங்க போவும்?” என்றார்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது ஏறக்குறைய அவர் கேட்ட கேள்விதான். வளரும் நகரத்துக்குப் பசுமை வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பசுமை என்று சொல்லும்போது நாம் மேலே உள்ள இலையை மட்டும் பார்க்கிறோம். நகரத்துக்குக் கிடைக்கிற நன்மையில் பெரும்பங்கு கீழே, திறந்து கிடக்கிற மண்ணில் இருக்கிறது.

முதலில் சூடு. மரம் இரண்டு விதமாகக் குளிர்விக்கிறது. ஒன்று நிழல். வெயில் தரையில் பட்டுத் தரை சூட்டைச் சேமிப்பதற்கு முன்னாலேயே மரம் அதைத் தடுத்துவிடுகிறது. இன்னொன்று, வேர் உறிஞ்சிய நீரை இலை ஆவியாக விடுவது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 0.68 யூனிட் வெப்பம் தேவை. கரண்டு பில்லில் வருகிற அதே யூனிட்தான். நன்றாக வளர்ந்த ஒரு பெரிய மரம், வேருக்குத் தண்ணீர் கிடைத்தால், வெயில் நாளில் 100 லிட்டர் வரை ஆவியாக்கும். அப்படியென்றால் 68 யூனிட் வெப்பத்தைச் சுற்றிலுமிருந்து எடுத்துக்கொள்கிறது. வீட்டில் இருக்கிற ஒன்றரை டன் ஏசி மணிக்கு 5 யூனிட்டுக்குக் கொஞ்சம் அதிகமான வெப்பத்தை அறையிலிருந்து வெளியேற்றும். ஆக ஒரு மரத்தின் ஒருநாள் வேலை, அந்த ஏசி சுமார் 13 மணி நேரம் ஓடுவதற்குச் சமம். ஏசி அந்தச் சூட்டைப் பின்பக்கம் தெருவில் கொட்டுகிறது. போதாததற்கு, தான் குடித்த மின்சாரத்தின் சூட்டையும் சேர்த்துக் கொட்டுகிறது. எதிர்வீட்டு ஜன்னலில் இருப்பவருக்கு அது தெரியும். மரம் நீராவியாக மேலே அனுப்பிவிடுகிறது, காற்று கொண்டுபோய்விடுகிறது.

இந்தக் கணக்கில் ஒரு நிபந்தனை இருக்கிறது, ‘வேருக்குத் தண்ணீர் கிடைத்தால்’. மண்ணில் ஈரம் இல்லையென்றால் மரம் இலைத்துளைகளை மூடிக்கொண்டு உயிரைப் பிடித்து வைத்திருக்கும். அப்போது அது ஒரு குடை, அவ்வளவுதான். சென்னைக்கு இன்னொரு சங்கதியும் உண்டு. கடலோர ஊர், காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம், அதனால் புழுக்கமான நாளில் ஆவியாதல் மெதுவாகத்தான் நடக்கும். இங்கே நிழல்தான் முதல் துணை. அதனால்தான் கன்று நட்டு எண்ணிக்கை காட்டுவதைவிட, ஏற்கெனவே குடை விரித்து நிற்கிற மரத்தைக் காப்பாற்றுவது எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த விரிவை எட்டக் கன்றுக்கு இருபது வருஷம் வேண்டும். அம்மாவால் அத்தனை வருஷம் காத்திருக்க முடியாது.

சூட்டைப் பற்றிப் பேசும்போது சர்தார் பட்டேல் சாலை நினைவுக்கு வராமல் இருக்காது. மத்திய கைலாஷ் சிக்னலில் வியர்த்து வழிந்துகொண்டு நின்ற பேருந்து, கிண்டியை நோக்கித் திரும்பிக் கொஞ்ச தூரம் போனதும் ஜன்னல் வழியே காற்று மாறும். கல்லூரிக் காலத்திலிருந்து எனக்கு இது பழக்கம். சாலையோரச் சுவருக்கு அந்தப் பக்கம் கிண்டி தேசியப் பூங்கா, சுமார் 270 ஹெக்டேர். பக்கத்திலேயே ஆளுநர் மாளிகை வளாகமும் ஐ.ஐ.டி. வளாகமும். 1959-இல் ஐ.ஐ.டி. தொடங்கியபோது அதற்குக் கொடுத்ததும் அதே பழைய காட்டிலிருந்து பிரித்த நிலம்தான். இந்த மூன்றும் சேர்ந்து இவ்வளவு பெரிய நகரத்தின் நடுவே புள்ளிமானும் வெளிமானும் நரியும் இருக்க இடம் கொடுத்திருக்கின்றன. அந்தக் காட்டை யாரும் அழகுபடுத்தவில்லை. களாவும் சூரைமுள்ளும் வீரையும் இலுப்பையும் இந்தக் கடற்கரைச் சமவெளிக்கே உரிய வறண்ட பசுமைமாறாக் காட்டின் செடிகொடிகள். விழுந்த இலை விழுந்த இடத்திலேயே மட்குகிறது. அந்த மட்குதான் மழையைப் பிடித்துவைக்கிறது.

மழை என்றதும் வேளச்சேரிக்காரனுக்கு 2015 டிசம்பர்தான் ஞாபகம் வரும். டிசம்பர் 1-ஆம் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 490 மி.மீ. பெய்தது. எங்கள் தெருவில் தரைத்தள வீடுகளில் அலமாரியின் மேல்தட்டு வரை தண்ணீர். படகு வந்தது. அதற்கு நான்கு வருஷம் கூட ஆகவில்லை, 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. மூழ்கிய அதே தெருவில் நாங்கள் குடங்களோடு லாரிக்குக் காத்து நின்றோம். மழை குறைவான ஊர் இல்லை இது, வருஷத்துக்குச் சராசரியாக 1400 மி.மீ. அளவில் பெய்கிறது. பெய்ததை உள்ளே வாங்கிக்கொள்ளத்தான் இடமில்லை.

எங்கள் பூங்காவை வைத்தே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி, ஏறத்தாழ 223 சதுர மீட்டர். 8 கிரவுண்டுக்கு 1784 சதுர மீட்டர். அதில் 100 மி.மீ. மழை பெய்தால் விழுகிற தண்ணீர் சுமார் 1,78,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் நிரப்பினால் கிட்டத்தட்ட 15 லாரி. வடகிழக்குப் பருவமழையில் இந்த அளவு ஓரிரு நாளில் வந்துவிடும். முழுக்கத் தளம் போட்டு மூடிவிட்டால் அந்த 15 லாரித் தண்ணீரும் தெருவுக்கு வரும், அங்கிருந்து ஏதோ ஒரு தரைத்தள வீட்டுக்குப் போகும். மண்ணாக விட்டால் எல்லாம் இறங்கிவிடும் என்று சொல்ல மாட்டேன். எங்கள் பக்கம் களிமண், அதற்கடியில் பாறை. பெசன்ட் நகர், திருவான்மியூர் மணல் மாதிரி வேகமாகக் குடிக்காது. ஆனால் மரவேர் ஓடிய களிமண்ணும் வெறும் களிமண்ணும் ஒன்றில்லை. வேர் போன வழியிலும் மண்புழு போன வழியிலும் நீர் இறங்கும். மேலே மட்கு இருந்தால் இன்னும் நிதானமாக, இன்னும் அதிகமாக இறங்கும். பாதி இறங்கினால்கூட ஏழு லாரி.

இதையே பெரிய அளவில் செய்துவந்தது பள்ளிக்கரணை. நம் முன்னோர் அதைக் கழுவெளி என்றார்கள். தென்சென்னையில் சுமார் 250 சதுர கி.மீ. பரப்பில் பெய்யும் மழை அங்கே வந்து தேங்கி, நிதானப்பட்டு, ஒக்கியம் மடுவு வழியாகக் கோவளம் கழிமுகத்துக்குப் போகும். ஒரு காலத்தில் 5000 ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்த சதுப்பு அது. பெரும்பகுதி குப்பைமேடாகவும் கட்டடமாகவும் சாலையாகவும் போய்விட்டது. 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்த்தபோது கணக்கில் வந்தது 1247 ஹெக்டேர் சொச்சம். இன்றும் குளிர்காலத்தில் பூநாரைகளும் கூழைக்கடாக்களும் வருகின்றன, மேம்பாலத்தில் போகிறவர்கள் வண்டியை ஓரங்கட்டிப் பார்க்கிறார்கள். பூங்கா என்ற பெயர்ப்பலகை இல்லாததால் இவ்வளவு பெரிய பசுமை வெளியை நாம் பாழ்நிலம் என்று எண்ணிவிட்டோம். புறம்போக்கு என்ற சொல்லை இன்று வசவாக்கிவிட்டோமே, அதன் பொருள் வரி விதிக்காமல் ஊருக்கெல்லாம் பொதுவாக விட்டு வைத்த நிலம். குளம், மேய்ச்சல் வெளி, ஓடைக்கரை எல்லாம் அதில் அடங்கும்.

ஊர்ப்பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். திருவல்லிக்கேணியில் அல்லிக்கேணி இருக்கிறது. மந்தைவெளியில் மந்தை மேய்ந்த வெளி இருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் ‘லேக் ஏரியா’ என்று இன்னும் விலாசம் எழுதுகிறார்கள். அந்த ஏரி இருந்த இடத்தில்தான் வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. தி.நகர் 1920-களில் உருவானபோது மாம்பலத்து நீண்ட ஏரி வற்றவைக்கப்பட்டு மனைகளாயிற்று. அத்தனை பெரிய நீர்ப்பரப்பின் நினைவாக நடுவில் இன்று பனகல் பூங்கா இருக்கிறது. அன்றைக்கு அந்தத் திட்டம் போட்டவர்களுக்கு, வளர்கிற நகரத்துக்கு நடுவே ஒரு பூங்காவாவது வேண்டும் என்று தோன்றியதே, அதற்கு நான் நன்றி சொல்வேன். துணிக்கடைப் பைகளோடு வந்து அந்த மரத்தடியில் உட்கார்ந்து மூச்சு வாங்குகிற குடும்பங்களை நானே எத்தனையோ தீபாவளிக்கு முன் பார்த்திருக்கிறேன்.

சரி, மரம் என்றாலே எல்லோரும் முதலில் சொல்வது ஆக்சிஜன். எனக்கு அந்த வாதத்தில் ஈடுபாடு இல்லை. காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன்தான், தெருவுக்கு நாலு மரம் வைப்பதால் அது கூடப்போவதும் இல்லை, வெட்டினால் நமக்கு மூச்சு முட்டப்போவதும் இல்லை. புகை விஷயத்திலும் அளவோடு பேசுவது நல்லது. இலை தூசியைப் பிடிக்கிறது, உண்மை. மழை பெய்து அது மண்ணுக்குப் போகிறது. ஆனால் குறுகலான தெருவில் கிளைகள் கூரைபோல மூடிக்கொண்டால் வண்டிப்புகை மேலே போகாமல் அடியிலேயே தங்கவும் செய்யும். புகையைக் குறைக்க வண்டியைத்தான் குறைக்க வேண்டும். மரத்தால் செய்ய முடியாததை அதன் தலையில் ஏற்றினால், அது உண்மையில் செய்கிற வேலையையும் நாளைக்கு யாரும் நம்ப மாட்டார்கள்.

அது செய்கிற வேலைகளில் ஒன்றை வர்தா புயலுக்குப் பிறகுதான் புரிந்துகொண்டேன். 2016 டிசம்பர் 12. மதியம் காற்று திரும்பி வீசியபோது எங்கள் பூங்கா வாசலில் நின்ற தூங்குமூஞ்சி மரம் நடைபாதையையே பெயர்த்துக்கொண்டு சாய்ந்தது. மறுநாள் நகரமெங்கும் இதே காட்சிதான். குப்புற விழுந்து கிடந்த மரங்களின் அடியைப் பார்த்தால் வேர்ப்பந்து ஒரு தாம்பாளத்தைப் போலத் தட்டையாக இருக்கும். ஒருபக்கம் மழைநீர் வடிகாலுக்கு வெட்டிய பள்ளம், மறுபக்கம் கேபிளுக்கு வெட்டியது, மேலே சிமெண்ட். வேர் எங்கே போய்ப் பிடித்துக்கொள்ளும்? செம்மயிற்கொன்றையும் இயல்வாகையும் நிறைய விழுந்தன. வேம்பும் புங்கமும் ஒப்பிட்டால் அதிகம் தாங்கின. மரவகையும் ஒரு காரணம்தான், ஆனால் என் கண்ணுக்கு மண்தான் பெரிய காரணமாகத் தெரிந்தது. திறந்த மண்ணில் நின்ற மரம் கிளையை இழந்தது, ஆளை இழக்கவில்லை. எங்கள் புங்கம் இரண்டும் அன்று மொட்டையாக நின்றன, மூன்றே மாதத்தில் துளிர்த்தன. அப்படிப் பிழைத்த மரங்களைத்தான் பின்னாளில் சிமெண்ட் போட்டு மூடினோம் என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 2013-இலேயே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், தில்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குக் காங்கிரீட்டை அகற்றச் சொல்லி உத்தரவிட்டிருக்கிறது. நீரையும் காற்றையும் உறிஞ்சும் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மேல் மண்ணின் ஓரிரண்டு அடிக்குள் இருப்பதால், அந்த ஒரு மீட்டர் வட்டம்கூட மரத்துக்குப் பெரிய விஷயம்.

அந்த உத்தரவைப் பற்றிய செய்தியை அச்செடுத்துக்கொண்டு, தெருவாசிகள் பதினோரு பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தோம். ஏழு மாதம் ஆனது. அதற்குள் குடியிருப்போரில் சிலருக்கு எங்கள்மேல் வருத்தம். திரும்பவும் சேறாகும், இலை குப்பையாகும், கொசு வரும் என்றார்கள். நியாயமான பயம்தான். தேங்கி நிற்கிற தண்ணீரில்தான் கொசு வரும், மண்ணில் இறங்கிவிட்ட தண்ணீரில் வராது என்று சொன்னோம். இலையைக் கொளுத்தாமல் ஒரு மூலையில் குழிவெட்டிப் போடலாம் என்று அந்த அக்காதான் வழி சொன்னார். அனுமதி வந்ததும் போன ஆடியில் இரண்டு ஞாயிறு கடப்பாரையோடு இறங்கினோம். திண்ணையை விட்டுவிட்டோம், உட்கார வேண்டுமே. உள்வட்டத்துச் சிமெண்டை மட்டும் உடைத்து எடுத்தோம். அடியில் மண் சாம்பல் நிறத்தில், பாளம் பாளமாக, ஒரு புழுகூட இல்லாமல் இருந்தது. மட்கும் பழைய இலையும் கொட்டி மூடினோம். நடைபாதையில் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை பேவர் பிளாக்கையும் பெயர்த்துப் புல் வைத்தோம்.

ஐப்பசியில் முதல் பெருமழை விடிய விடியப் பெய்தது. காலையில் குடையோடு போனேன். காங்கிரீட் மூலையில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. புங்க மரத்தடியில் நீர் இல்லை, மண் கருத்து ஊறிப்போய் இருந்தது. கொண்டலாத்தி ஒன்று அந்த ஈர மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தது. அது புழு இல்லாத இடத்தில் நேரம் செலவிடாது. செம்மார்புக் குக்குறுவான் வேம்பிலிருந்து டொக் டொக்கென்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

2024-இல் கிண்டி குதிரைப் பந்தய மைதானத்து நிலம் சுமார் 160 ஏக்கரை அரசு எடுத்துக்கொண்டது, அதில் குளங்கள் வெட்டினார்கள். 118 ஏக்கரைப் பூங்காவுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். எங்கள் பக்கம் வெள்ளம் வரும் வழியில் அப்படி ஓர் இடம் கிடைப்பது பெரும் வரம். அதில் நீரூற்றும் கண்ணாடி வீடும் எவ்வளவு வரும் என்பதைவிட, எத்தனை ஏக்கர் மண்ணாகவே இருக்கும் என்று கேட்கத் தோன்றுகிறது எனக்கு.

அம்மா மறுபடி போகத் தொடங்கியிருக்கிறார். தினமும் இல்லை, முழங்கால் வலி நிஜமாகவே இருக்கிறது. போகிற நாளில் திண்ணையில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு பாதத்தையும் மரத்தடி மண்ணில் வைத்துக்கொள்கிறார். நாவல் மூலையில் காங்கிரீட் இன்னும் அப்படியே இருக்கிறது. இரண்டாவது மனு போட்டிருக்கிறோம். தை முடிவதற்குள் அனுமதி வந்தால் நல்லது, பங்குனியில் வெயில் ஏறிவிடும்.